நானூறு போக மீதி

ஆவாரம்பாளையத்தில் எங்கள் வீதியில், மாடிவீட்டுத் துளசிமணியக்கா தன் கையாலேயே செய்துகொண்டிருந்த ஒரு சாண் நீளப் பந்தயக் கார், கடைசித் துண்டும் ஒட்டி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அசல் காரின் எடைக்கு வந்துவிட்டது. மேஜைக்கால்கள் நாலும் ஒடிந்தன, கார் மொசைக் தரையில் இறங்கியது, தரை விரிசல் விட்டது, அந்தத் தரைக்கு நேர் கீழே வாடகைக்குக் குடியிருக்கும் நான் கோழிக்குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தேன், கூரைப் பூச்சு பெயர்ந்து என் தட்டில் விழுந்தது. அதிசயம் நடந்தால் மனிதனுக்கு முதலில் பக்தி வரும் என்கிறார்கள். எனக்கு வந்தது கோபம்தான், அதுவும் நல்ல நாட்டுக்கோழி.

கை கழுவாமல் மேலே ஓடினேன். அக்கா பூதக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒடிந்த மேஜைக்கு நடுவில் உட்கார்ந்து, அந்தக் காரை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. நானும் விரலால் தள்ளினேன், பிறகு இரண்டு கையாலும் தள்ளினேன், பிறகு சுவரில் காலை ஊன்றித் தள்ளினேன்.

"மெல்லமுங்க," என்றார் அக்கா. "கண்ணாடி ஒட்டுன பசை இன்னும் காயலீங்க."

அக்காவுக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அக்கா மெழுகில் வடித்து, பற்களை வரிசையாக நட்டு, ஈறுக்கு நிறம் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் முறுக்குக் கடிக்கிற பெரியவர்களில் பாதிப்பேர் அக்காவின் பல்லால்தான் கடிக்கிறார்கள். அந்த வேலை ஓய்ந்த நேரத்தில், அதே மேஜையில், அதே சின்னச் சின்ன ஆயுதங்களை வைத்துக்கொண்டு, பந்தயக் கார்கள் செய்வார். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை நம்பர் பார்த்து ஒட்டுகிற விளையாட்டு இல்லை அது. எல்லாவற்றையும் வெறும் தகட்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் தொடங்க வேண்டும். எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி உடம்பு, டாக்டர் ஊசியை வளைத்துப் பெட்ரோல் குழாய், ரப்பர் செருப்பைக் கடைந்து டயர், ஈறு செய்கிற மாவைக் குழைத்து சீட்டு, எல்லாம் அசலில் பதினெட்டில் ஒரு பங்கு. போட்டோவில் கண்ணால் பார்க்காத எதையும் அவர் செய்ததே இல்லை. போட்டோவில் காரின் இடது பக்கம் மட்டும் தெரிந்தால், வலது பக்கப் போட்டோ கிடைக்கிற வரைக்கும் அந்த வண்டி ஒரு பக்கம் மொட்டையாகவே அலமாரியில் நிற்கும், வருஷக்கணக்கில் நின்றிருக்கிறது.

இந்தக் கார் அவருடைய தம்பி கிட்டுசாமியுடையது. இதே வீட்டுக் கொட்டகையில் இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து, ஒரு பழைய எஞ்சினைப் பின்பக்கம் வைத்து, ஒற்றை ஆள் உட்காருகிற பந்தயக் காரை உருவாக்கி, சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டியவன் கிட்டுசாமி. ஒரு பந்தயத்தில் வைக்கோல் பொதியில் மோதிக் கை முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அடுத்த தடவை பிள்ளை பிணமாக வந்துவிடுவானோ என்று பயந்துபோன அப்பா, காரைத் துண்டுதுண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். கிட்டுசாமி வீட்டுக்கு வந்தான், கொட்டகையை எட்டிப் பார்த்தான், அக்கா கொடுத்த காபியைக் குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான், போனான். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பிள்ளை வருவான் வருவான் என்று அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவிடம் மிஞ்சியது ஒரு கட்டுப் போட்டோ. அதைத் தொடுவதற்கே கை தேற வேண்டும் என்று ஊரான் வண்டிகளையெல்லாம் செய்து பழகிவிட்டு, இந்த வருஷம்தான் தம்பி வண்டிக்கு வந்திருந்தார்.

வீதி முனையில் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் நாச்சிமுத்து, செயின் பிளாக்கும் நாலு ஆட்களும் கொண்டுவந்தார். ஜன்னலைக் கம்பியோடு பெயர்த்து, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குகிற மாதிரி அந்த ஒரு சாண் காரைத் தூக்கி, போர்டிகோவில் இறக்கினார்கள். தரை தாங்காது என்று, பட்டறையில் சும்மா கிடந்த பழைய எடை மேடை ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார்கள். மேடை இரும்பு; கனம் தாங்கும்; அவ்வளவுதான் அவர்கள் நினைத்தது. பழக்க தோஷத்தில் நாச்சிமுத்து அதன் ஒயரை எடுத்துச் சுவரில் சொருகினார், சிவப்பு எண்கள் எரிந்தன.

"நானூத்தி எழுவத்தொண்ணு," என்று படித்தார்.

"வண்டி நானூறு கிலோங்க," என்றார் அக்கா. "ரேஸுக்கு முன்னாடி எடை போடுவாங்க. நானூறுக்குக் கொறஞ்சா சேத்துக்க மாட்டாங்க. கிட்டு அரத்தெப் போட்டு ராவி ராவி, சரியா நானூறுல கொண்டாந்து நிறுத்தியிருந்தான்."

"அப்ப மீதி?"

அக்கா எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மீதி அவன்," என்றார்.

வீதி இதை ஏற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் பிடித்தது என்றால், என் மனைவி கோகிலம் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவருகிற நேரம். டம்ளரை நீட்டிக்கொண்டே, "எழுவத்தொண்ணுங்களா? ஈக்குக்குச்சியாட்டம் இருப்பாருன்னு சொல்லுவீங்களேக்கா. பரவால்லீங்க, எங்கியோ வேளாவேளைக்குச் சாப்புடறாரு," என்றாள் அவள். அக்கா அப்போதுதான் அழுதார். இருக்கிறானா இல்லையா என்று முப்பது வருஷமாகத் தெரியாத தம்பி, இருக்கிறான், அதுவும் பசியில்லாமல் இருக்கிறான். அந்த அழுகையைப் பார்த்ததும் என் கோழிக்குழம்புக் கோபம் போன இடம் தெரியவில்லை, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீதிக்கு ஒரு ஆள் கூடிவிட்டார். உடம்பு எங்கேயோ, எடை இங்கே என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது, அதற்கு மேல் யாரும் துருவவில்லை. புது வண்டிக்குப் பூஜை போட வேண்டும் என்று கோயில் பண்டாரம் வந்தார், எலுமிச்சம்பழம் காரின் டயரைவிடப் பெரிதாக இருந்ததால் நாலு சக்கரத்துக்கும் நாலு சுண்டைக்காய் வைத்து நசுக்குவதாகப் பாவனை செய்து, விபூதி பூசிவிட்டுப் போனார்; மாநகராட்சி வரி ஆள் வந்து, ஒரு சாணுக்கு வரி போட விதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்; வண்டி வாகன புரோக்கர் ஒருவர், நானூறு கிலோவும் எஞ்சினும் இருந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும், நம்பர் பிளேட்டை எறும்பு படிக்கிற அளவுக்கு எழுதிக்கொள்ளலாம் என்றார்; பௌதிகப் பேராசிரியர் ஒருவர் சொந்தமாக எடைக்கல் கொண்டுவந்து மேடையைச் சோதித்து, மேடையில் பிழையில்லை என்று முகம் சுருங்கி, மறுநாளிலிருந்து தன் நடைப்பயிற்சியை எங்கள் வீதி வழியாக மாற்றிக்கொண்டார். பால்காரர் பால் ஊற்றும்போது எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவார். சஷ்டியன்று அரைக் கிலோ குறைந்தால் விரதம் இருக்கிறார் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கிலோ ஏறினால், நேற்று நம் வீட்டுப் பிள்ளை என்ன தின்றது என்று கேட்கிற மாதிரியே, ஆட்டுக்கறியா கோழியா என்று பேசிக்கொள்வார்கள்.

அசராதவர் ஒரே ஆள்தான், ஓமியோபதி டாக்டர் ஹரிகோவிந்தன். அக்காவைப் போலவே கார் செய்கிற பைத்தியம் பிடித்தவர், ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்கு வந்து ஆணித் தலைகளை எண்ணுகிறவர். எழுபத்தொரு கிலோ கிட்டுசாமியைப் பற்றி வீதியே பேசிக்கொண்டிருந்தபோது, அவர் குனிந்து காரைப் பார்த்து, "பின்னாடி பாக்கற கண்ணாடி ஒரு நூலு பெருசுங்கக்கா," என்றார். அக்கா இல்லை என்றார், அவர் ஆமாம் என்றார், பேச்சு முற்றி, டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை.

அக்கா தினமும் விடிந்ததும் மாடிப்படி இறங்கி வந்து எண்ணைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் முகம் கழுவுவார். "எந்திரிச்சுட்டான்," என்பார், "நேத்து நல்லாத் தின்னுருக்கறான்," என்பார், நானும் சின்னப் பிள்ளை மாதிரி அதைக் கேட்பதற்காகவே வாசலில் காத்திருப்பேன்.

புரட்டாசியில் எண் இறங்கத் தொடங்கியது. முதலில் யாரும் கவலைப்படவில்லை, புரட்டாசியில் அவர் கவிச்சி சாப்பிடமாட்டார் என்றார்கள். ஐப்பசி பிறந்தது, தீபாவளி வந்தது, வீதி முழுக்க இட்லியும் கறிக்குழம்பும் மணந்தது, எண் மட்டும் ஏறவில்லை. நானூறு போக அறுபத்தாறு ஆனது, அறுபத்துமூன்று ஆனது. பிரியாணி வாங்கிவந்து காருக்கு முன்னால் வைத்தார்கள், நாச்சிமுத்து வீட்டில் பால்கொழுக்கட்டை செய்து அனுப்பினார்கள், பேராசிரியர்கூட யாரும் பார்க்காதபோது இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். காக்கைகளுக்குத்தான் எடை கூடியது. அக்கா பல்செட் வேலையை வாங்குவதை நிறுத்திவிட்டார். படியில் உட்கார்ந்து எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார், கோகிலம் தட்டில் போட்டுக் கொடுப்பது ஆறிப்போய்க் கிடக்கும்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஹரிகோவிந்தன் மனசு கேட்காமல், லட்டு டப்பாவோடு சமாதானத்துக்கு வந்தார். வந்தவர் லட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பழக்கம் விடுமா, லென்ஸை எடுத்துக்கொண்டு காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"கண்ணாடி கெடக்குட்டுங்கக்கா," என்றார். "பெல்ட்டு தப்புங்க."

"போட்டோவுல இருக்கறதுதானுங்க டாக்டரே."

"போட்டோவுல ஆளு உக்காந்திருக்கறாருங்க. ஆளிருந்தா பெல்ட்டு பூட்டியிருக்கும். காலி வண்டின்னா ரெண்டு பக்கமும் தொங்கும். நீங்க ஆளெ விட்டுட்டு, பெல்ட்டெ மட்டும் பூட்டி வெச்சிருக்கறீங்க."

லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். பூ நாடாவைக் கிழித்துச் செய்த பட்டைகள் இரண்டு தோளிலிருந்தும் இரண்டு இடுப்பிலிருந்தும் வந்து, பிளேடில் வெட்டிய ஒரு கொக்கியில் கச்சிதமாகப் பூட்டியிருந்தன. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஒரு நூல் பிசகாமல் போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் செய்து, போட்டோவில் இருந்த ஆளை மட்டும் மறந்துவிடுவது. டாக்டர் தான் ஜெயித்த சந்தோஷத்தில் நிமிர்ந்தார், எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கோகிலம்தான் அதை வாய்விட்டுச் சொன்னாள். "ஏனுங்கக்கா, அவரு எடையெல்லாம் நாம இங்க பூட்டி வெச்சுட்டா, அங்க அவருக்குக் காலு தரையில பாவுங்களா? எடையில்லாத மனுசன் எதெத் தின்னு எங்க ஒட்டறது?"

வீதி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. உடனே அவிழ்க்க வேண்டும் என்றது ஒரு கட்சி. அவிழ்த்தால் எண் நானூறில் வந்து நிற்கும், பிறகு ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது, முப்பது வருஷத்து இருட்டுக்கே அக்கா திரும்பிப் போக வேண்டும் என்றது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. அக்காவின் காலை நேரத்து முகத்தை நினைத்தேன், அது போய்விடும் என்று பயந்தேன், அதை மறைக்காமல் அக்காவிடமே சொன்னேன்.

"எனக்குந் தெரியுமுங்க," என்றார் அக்கா. "அவுத்தா அவன் இருக்கறானா இல்லியான்னே தெரியாது."

"அப்பறம் எதுக்குங்க அவுக்கோணும்?"

"அவுக்காட்டித் தெரிஞ்சுட்டே இருக்கும். கொறையறது."

அக்கா ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினார். பல் குடைகிற கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வருவார், காருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார், எண்ணைப் பார்ப்பார், கம்பியை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேலே போய்விடுவார். ஒரு நாள், "இத்தினி வருசம் என்னெ எங்காச்சும் நெனச்சிருப்பானா?" என்று கேட்டார். உடனே, "நெனைக்காட்டிப் போகுது, தின்னாச் சரி," என்று அவரே சொல்லிக்கொண்டார்.

எண் ஐம்பத்தெட்டுக்கு வந்த அன்று காலை, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கம்பியின் நுனியைக் கொக்கிக்குள் விட்டு ஒரு திருப்புத் திருப்பினார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. எண்கள் ஓடி நானூறில் நின்றன. அக்கா நாலு பட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, டாக்டர் சொன்னபடியே இரண்டு பக்கமும் வெளியே தொங்கவிட்டார். "போ சாமி," என்றார். மேலே போய், பல வாரமாகக் கிடந்த யாரோ ஒரு பெரியவரின் பல்செட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ராவுகிற சத்தம் பொழுது சாயும் வரைக்கும் கேட்டது.

பிறகு எதுவும் நடக்கவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது, சிவப்பு எண் நானூறிலேயே நின்றது. கதவைத் தட்டிக்கொண்டு கிட்டுசாமி வரவில்லை. ஆள் முடிந்துபோயிருக்கும், காரியம் செய்துவிடுவது நல்லது என்று சிலர் அக்காவிடம் ஜாடையாகச் சொன்னார்கள். "எறங்கிப் போனவனுக்கு எதுக்குங்க காரியம்? அவன் என்னிக்குமே சொல்லிட்டுப் போனதில்லீங்க," என்று அக்கா அவர்களைத் தாட்டி அனுப்பிவிட்டார். பேராசிரியர் வேறு வீதியில் நடக்கப் போய்விட்டார். பால்காரர் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டார். எடை மேடையைத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று நாச்சிமுத்து என்னிடம் கேட்டபோது, இருக்கட்டுமே என்றேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. விடிகாலையில் படி இறங்குகிற சத்தம் நின்றுபோனதுதான் எனக்குத் தாங்கவில்லை. வயசான காலத்தில் அடுத்த வீட்டுத் தம்பியின் எடைக்காக ஏங்குவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தை பிறந்து, பொங்கலுக்கு வந்த ஒறம்பரைச் சனமெல்லாம் கிளம்பிப் போன ஒரு சாயங்காலம், என் பேத்தி இனியாவை மேடையை விட்டுத் தள்ளிப் போர்டிகோ மூலையில் விளையாட விட்டுவிட்டு, செய்தித்தாளில் மூக்கை நுழைத்து உட்கார்ந்திருந்தேன். ஏதோ உறுத்தியது, நிமிர்ந்தேன். நானூற்று எழுபத்தெட்டு என்று எரிந்துகொண்டிருந்தது.

நான் கத்திய கத்தலுக்குக் கோகிலம் கரண்டியோடு ஓடிவந்தாள். அக்கா மாடியிலிருந்து எப்படி இறங்கினார் என்றே தெரியவில்லை, செருப்புக்கூட இல்லை. பட்டைகள் தொங்கியபடியே தொங்கின. யாரும் பூட்டவில்லை, யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்து உட்கார்ந்திருக்கிறான். "எழுவத்தெட்டுங்கக்கா! நல்லாப் பெருத்துட்டாரு," என்றேன் நான். என் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் அறுபத்திரண்டுக்கு இறங்கியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி எழுபத்தெட்டுக்கு ஏறியது. சித்த நேரம் நின்றது. அறுபத்திரண்டு. எழுபத்தெட்டு. உடனே அறுபத்திரண்டு. மேடை கெட்டுப்போய்விட்டது, பழைய சாமான்தானே என்று நான் ஒயரைப் பிடுங்கிச் சொருகப் போனேன்.

"அதெத் தொடாதீங்க," என்றாள் கோகிலம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இனியாவை இடுப்பில் தூக்கி, ஒரு தரம் குலுக்கிப் பார்த்தாள். "பதனாறு கிலோ. இவொ எடைதான். மடியில ஒரு கொழந்தை உக்காந்திருக்குதுங்கக்கா. நாலு வயசிருக்கும். ஒரெடத்துல உக்காராம ஏறி ஏறி எறங்குது."

யார் வீட்டுக் குழந்தை, பேரனா பேத்தியா, பெற்றதா வளர்ப்பதா, எங்களுக்கு எதுவும் தெரியாது. எண் ஏறியது, இறங்கியது, ஏறியது. அக்கா அழுவார் என்று நினைத்தேன். அக்கா இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு காரைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார்.

"கூறு கெட்டவனே, ரேஸ் வண்டியில கொழந்தையெ மடியில வெச்சுட்டா உக்காருவாங்கொ? பிரேக்கு அடிச்சா என்னாவறது?"

முப்பது வருஷமாகத் திட்ட ஆள் இல்லாமல் இருந்தவர். திட்டி முடித்தபோது முகம் அப்படி ஒரு அழகாக இருந்தது. விறுவிறுவென்று மேலே போனார், பித்தளைத் தகடும் அளவுக் கவராயமும் பூ நாடாவும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒற்றை ஆள் வண்டியில் இரண்டாவது சீட்டு வைத்தார் என்று கேள்விப்பட்டால் டாக்டர் ஹரிகோவிந்தன் இந்த ஜென்மத்தில் இந்தப் படியை மிதிக்கமாட்டார் என்றேன். "அவரு கெடக்கறாரு," என்றார் அக்கா. இனியாவை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தி, கவராயத்தை விரித்து, ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு வைத்தார். பதினெட்டால் வகுக்கிற கணக்கு உதட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருக்குங்க பாட்டி?" என்றாள் இனியா.

"என்ற தம்பி ஒரு பாப்பாவெக் கூட்டியாந்திருக்கறான். அதுக்குச் சீட்டு வேணும்."

இனியா காருக்குள் எட்டிப் பார்க்க வளைந்தாள். மேடையில் எண் இறங்கியது, ஏறியது.

"நீயாவது ஆடாம நில்லு சாமி," என்றார் அக்கா.